சுமைதாங்கியும் இணையத்தளமும்

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களிலே நடந்து பழகியோர் சுமைதாங்கியைக் கண்டிருப்பர். நிமிர்ந்து நிற்கும் இரு கற்கள். அவற்றின்மீது கிடையாக வைத்த ஒரு கல். தலையிலே நெல்மூட்டையோ விறகுக்கட்டோ சுமந்து வருபவன், குனியாமலும் பிறர் கையை எதிர்பாராமலும், தன் சுமையை அதன்மீது சாய்த்து இறக்கி இளைப்பாறலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நிறுவுவது நம் முன்னோர் வழக்கம்.

அதனைக் கட்டியவன் எதனை அளவாகக் கொண்டான்? தன் வசதியையா? அன்று. கட்டுவித்தவரின் பெருமையையா? அதுவும் அன்று. சுமந்து வருபவனின் உயரத்தையே அளவாகக் கொண்டான். கல் மிகத் தாழ்ந்திருந்தால் அவன் குனிய வேண்டும். மிக உயர்ந்திருந்தால் சுமையை மேலே தூக்க வேண்டும். இரண்டும் அவனுக்கு உதவா.

இக்காலத்தில் நம் வீட்டு அலுவல்கள் பல இணையத்தளங்களுக்குப் போய்விட்டன. பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றை அங்கேதான் பார்க்கிறோம். பல்கலைக்கழக அனுமதிக்கு அங்கேதான் விண்ணப்பிக்கிறோம். மின்சாரக் கட்டணத்தைச் செலுத்துவதும், வைத்தியரைக் காண நேரம் குறிப்பதும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அங்கேயே நடைபெறுகின்றன. இத்தளங்களை அமைப்போர் யாருடைய உயரத்தை அளவாகக் கொள்கின்றனர் என்பதே இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருளாகும்.

குற்றம் யாருடையது?

முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். அவர் இணையத்தளத்தில் ஒரு படிவத்தை நிரப்ப முயல்கிறார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஏதோ ஒரு பொத்தானை அழுத்துகிறார். எழுதியவை யாவும் அழிந்துபோகின்றன. மறுபடியும் எழுதுகிறார், சிவப்பு எழுத்தில் ஏதோ தோன்றுகிறது, அது என்னவென்று விளங்கவில்லை. ஈற்றில் அவர் சொல்வது என்ன? “எனக்கு இதெல்லாம் விளங்காது, தம்பி. நீரே செய்து தாரும்.” இப்படிச் சொல்லித் தம் அடையாள அட்டை இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் சந்தியிலுள்ள கொமினிகேஷன் கடைப் பையனிடம் ஒப்படைத்து, அதற்குக் காசும் கொடுத்துவிட்டு வருகிறார்.

இங்கே மூன்று நட்டங்கள் நேர்ந்துள்ளன. ஒன்று, காசு. மற்றொன்று, பிறர் அறியக்கூடாத இரகசியம். மூன்றாவது இவை இரண்டினும் பெரிது. அறிவுள்ள ஒரு மனிதர் தம்மை அறிவில்லாதவர் என்று நம்பிவிட்டார். அந்நம்பிக்கையோடு இனி எத்தளத்துக்கும் போக அஞ்சுவார்.

உண்மையில் குற்றம் அவருடையதன்று. கடினமான கணக்குகளை எளிதாக்கிக் காட்டிய அவருக்கு ஒரு படிவம் விளங்கவில்லையென்றால், விளங்காதபடி அதனை அமைத்தவரே பிழை செய்தவர். இதனை நாம் திடமாக மனங்கொள்ள வேண்டும். ஏனெனில், பாவிப்பவர்மீது பழியைப் போடும்வரை அமைத்தவர் தம் வேலையைத் திருத்தமாட்டார்.

தொலைபேசி சொல்லும் பாடம்

உங்கள் கைத்தொலைபேசியை எடுத்துப் பாருங்கள். அழைப்பதற்கான எண்களிலே 1, 2, 3 என்பன மேல் வரிசையில் இருக்கும். அதே தொலைபேசியிற் கணக்குப் பார்க்கும் கருவியைத் திறந்தால் 7, 8, 9 என்பன மேலே இருக்கும். ஏன் இந்த வேறுபாடு?

சுழற்றும் தட்டுள்ள தொலைபேசிக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தும் தொலைபேசியை அமைக்க 1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் முனைந்தனர். அக்காலத்திலே கணக்குப் பொறிகள் இருந்தன; அவற்றின் எண் ஒழுங்கை அப்படியே எடுத்து வைத்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ஜோன் கார்லின் என்னும் உளவியலறிஞரின் தலைமையில், மனிதரின் இயல்பை ஆராயும் ஒரு பிரிவு அங்கே இருந்தது. அப்பிரிவினர் எண்களை வட்டமாகவும் வரிசையாகவும் வேறு பல ஒழுங்குகளிலும் அமைத்து, பலரிடம் கொடுத்து அழுத்தச் செய்தனர். எத்தனை செக்கன் எடுத்தது, எத்தனை பிழை நேர்ந்தது, எது அவர்களுக்குப் பிடித்தது என்பவற்றை அளந்து குறித்தனர். அவ்வாராய்ச்சியின் பின்னரே 1, 2, 3 மேலே நிற்கும் ஒழுங்கு தெரிவாயிற்று. 1963ஆம் ஆண்டு நவம்பரில் அத்தொலைபேசி மக்களிடம் வந்தது. அறுபது ஆண்டுகள் கடந்தும் உலகம் முழுவதும் அவ்வொழுங்கே நிலைத்து நிற்கிறது.

எது எளிது என்று ஆய்வுகூடத்திலே இருந்தவர்கள் தம் மேசையிலிருந்தே ஊகித்துச் சொல்லவில்லை. பாவிக்கப் போகிறவர்களின் விரல்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டனர்.

ஐந்து பேர் போதும்

சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகேயுள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்த டிம் பேர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், இன்று நாம் இணையத்தளங்கள் என்று சொல்வனவற்றுக்கு அடிப்படையான திட்டத்தை 1989ஆம் ஆண்டு முன்வைத்தார். 1991இல் அது வெளியாருக்குத் திறந்து வைக்கப்பட்டது. 1993 ஏப்ரிலில், யாரும் கட்டணமின்றி இதனைப் பாவிக்கலாம் என்று அந்நிலையம் அறிவித்தது. அதன்பின் யார் வேண்டுமானாலும் தளம் அமைக்கலாம் என்றாயிற்று. அது பெரும் நன்மை. ஆனால், அமைப்பவர் எவரும் முன்கூட்டிப் பிறரைக்கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டும் என்னும் நியதி இல்லாது போயிற்று. அது பெரும் குறை.

சோதிப்பதற்குப் பெரும் பணம் வேண்டும் என்று பலர் எண்ணினர். டென்மார்க்கிலே பிறந்து அமெரிக்காவில் வாழும் ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் அவ்வெண்ணத்தை மறுத்தார். தொமஸ் லண்டவர் என்பவரோடு சேர்ந்து பல சோதனைகளின் பெறுபேறுகளை அவர் ஆராய்ந்தார். ஒருவரை இருத்தி ஒரு தளத்தைப் பாவிக்கச் செய்து பார்த்தால், அதிலுள்ள இடர்களிற் சராசரியாக 31 சதவீதமானவை வெளிப்படும் என்று கண்டார். அடுத்தவரை இருத்தினால், முன்னர் கண்டவற்றிற் சில மறுபடியும் தோன்றும். சில புதியனவாக இருக்கும்.

மாணவர்கள் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒருவரைக்கொண்டு சோதித்தபின் வெளிப்படாதிருப்பவை 69 சதவீதம். 0.69 என்பதை ஐந்து தடவை பெருக்குங்கள், ஏறத்தாழ 0.16 வரும். அதாவது, ஐந்து பேரைக்கொண்டு சோதித்தால் இடர்களில் ஏறத்தாழ 85 சதவீதமானவை வெளிப்பட்டுவிடும். ஆதலின் நூறு பேரைத் தேட வேண்டியதில்லை. ஐந்து பேரைக்கொண்டு பார்த்து, கண்ட பிழைகளைத் திருத்தி, வேறு ஐந்து பேரைக்கொண்டு மீண்டும் பார்ப்பதே சிறந்தது என்று அவர் 2000ஆம் ஆண்டில் எழுதினார்.

சோதிக்கும் முறையும் எளியது. ஒருவரை அமர்த்தி, “இத்தளத்தில் உங்கள் மகனின் பெறுபேற்றைக் கண்டுபிடியுங்கள்” என்று மட்டும் சொல்ல வேண்டும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லக்கூடாது. பின்னர் அருகிலிருந்து வாய்திறவாது பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். அவருடைய விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கே தளம் பிழைத்திருக்கிறது. “அது அங்கேதானே இருக்கிறது!” என்று சொல்ல நாக்குத் துடிக்கும். சொல்லிவிட்டால் சோதனை கெட்டது. நாளைக்கு அவர் தனியே இருந்து பாவிக்கும்போது, சொல்லிக்கொடுக்க அங்கே யார் இருப்பார்?

நம் வீட்டுப் படிவங்கள்

வெளிநாட்டில் அமைந்த படிவங்களை அப்படியே பின்பற்றுவதால் நமக்கென்றே சில தனித் துன்பங்கள் நேர்கின்றன.

முதலாவது, பெயர். நம்மிற் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து நம் பெயரை எழுதுகிறோம். படிவமோ முதற்பெயர் ஒரு கட்டத்திலும் குடும்பப் பெயர் மற்றொரு கட்டத்திலும் வேண்டும் என்கிறது. இரண்டாவது கட்டத்தை வெறுமையாக விட்டால் ஏற்காது. தந்தையின் பெயரை அதில் இட்டால், மகளையே தந்தையின் பெயரால் அழைத்துக் கடிதம் வருகிறது. கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும் பயணச்சீட்டில் வேறுவிதமாகவும் பெயர் அமைந்து இடர்ப்பட்டவர் பலர். முழுப்பெயரையும் எழுத ஒரே கட்டத்தை, நீண்ட தமிழ்ப்பெயர் அடங்கும் அளவுக்கு வைத்துவிட்டால் இத்துன்பம் தீர்ந்துவிடும். பெயரைப் பிரித்துக் கேட்பது உண்மையிலே தேவைதானா என்று முதலிற் சிந்திக்குமாறு, இணையத்தளங்களுக்கான நியமங்களை வகுக்கும் உலகளாவிய இணைய அமையமும் வடிவமைப்போருக்கு அறிவுறுத்துகிறது.

இரண்டாவது, அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் உள்ளன. 2016ஆம் ஆண்டு வந்த புதிய முறையில் 12 இலக்கங்கள் உள்ளன. ஒருவகையை மட்டும் ஏற்கும் படிவம் நாட்டு மக்களில் ஒரு பகுதியினரை வாசலிலேயே நிறுத்தி விடுகிறது. பிழை நேர்ந்தவிடத்து, “தவறான உள்ளீடு” என்று சிவப்பில் எழுதி என்ன பயன்? “12 இலக்கங்கள் வேண்டும், நீங்கள் 11 எழுதியுள்ளீர்கள்” என்று சொல்வதற்கு மேலதிகச் செலவு ஒன்றும் இல்லை. முன்னதில் அதட்டலே உண்டு; பின்னதில் உதவி உண்டு.

மூன்றாவது, பிறந்த திகதி. சில தளங்கள் ஒரு நாட்காட்டியைக் காட்டி அதிலே தொட்டுத் தெரியச் சொல்கின்றன. 1948இற் பிறந்த பாட்டனார் மாதம் மாதமாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டுமானால் எத்தனை நூறு தடவை தொடவேண்டும்! 2012ஆம் ஆண்டு தொடங்கிய பிரித்தானிய அரசின் பொதுத்தளம், பிறந்த திகதி போன்றவற்றுக்கு நாள், மாதம், வருடம் என மூன்று சிறு கட்டங்களை மட்டும் வைக்கிறது. தெரிந்த திகதியைத் தெரிந்தபடி எழுதிவிட்டுப் போகலாம்.

நான்காவது, எழுத்து. பாமினி முதலிய பழைய தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை வைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால், தமிழ்க் கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். அதிலே ஒரு சொல்லைத் தேடவும் முடியாது. யுனிகோட் என்னும் உலகப் பொதுக் குறிமுறையில் 1991இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. அங்ஙனமிருந்தும், தமிழ் அறிவித்தலை அச்சிட்டுப் படமெடுத்து, அப்படத்தைத் தளத்தில் ஒட்டிவிடும் பழக்கம் இன்றும் தொடர்கிறது. படத்திலுள்ள எழுத்தைத் தேடவும் இயலாது, பெருப்பித்தால் மங்கிவிடும்.

தமிழும் அரசகரும மொழியாகும் என்று 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் கூறுகிறது. முகப்பை மட்டும் தமிழிலே வைத்து, உள்ளே படிவத்தை ஆங்கிலத்தில் வைத்தால், வரவேற்று அழைத்து விறாந்தையிலே நிறுத்திவைத்ததற்கு ஒப்பாகும்.

கண்ணில்லாதவர் பெற்ற தீர்ப்பு

இவை யாவும் சிறு வசதிகள்தாமே என்று எண்ணுவோர், அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஒரு வழக்கை அறிதல் நன்று. 2000ஆம் ஆண்டு சிட்னி நகரிலே ஒலிம்பிக் விளையாட்டு விழா நடைபெற்றது. அதன் இணையத்தளத்தைத் தம்மாற் பாவிக்க இயலவில்லை என்று புரூஸ் மகுவயர் என்னும் கண்பார்வையற்றவர் 1999இல் மனித உரிமை ஆணைக்குழுவிடம் முறையிட்டார். படங்களுக்கு அவற்றின் பொருளைச் சொல்லும் எழுத்து வைக்கப்படவில்லை. ஆதலின் அவருடைய கணினியால் அவற்றை விளக்க முடியவில்லை. போட்டிகளின் அட்டவணையையும் பெறுபேறுகளையும் அவரால் அடையக் கூடவில்லை. திருத்துவதற்குப் பெரும் பணமும் காலமும் வேண்டும் என்று அமைப்பாளர் வாதிட்டனர். ஆணைக்குழு அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2000 ஓகஸ்டில் அது தீர்ப்பளித்தது. தளம் முழுமையாகத் திருத்தப்படாமையால் அவருக்கு 20,000 அவுஸ்திரேலிய டொலர் நட்டஈடு வழங்குமாறும் பின்னர் கட்டளையிட்டது. மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் வாசலை ஒருவருக்கு அடைத்து வைப்பது பாகுபாடாகும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

எல்லோரும் அணுகத்தக்க தளங்களுக்கான விதிகளை நாம் மேலே குறித்த அமையமே 1999 மே மாதத்தில் முதன்முதல் வெளியிட்டது. 2023 ஒக்டோபரில் அவற்றின் புதிய பதிப்பு ஒன்று வந்தது. அவ்விதிகள் மந்திரமல்ல, வீட்டிலிருந்தே சரிபார்க்கத்தக்கவை. எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக்கூடாது என்பது ஒன்று. வெள்ளைத் தாளிற் கருமை எழுத்துக்கு அவ்விகிதம் 21க்கு 1. அழகென்று கருதி வெள்ளையில் வெளிறிய சாம்பல் எழுத்தை இடுவோர், முதியோரின் கண்ணையும், வெயிலிலே நின்று தொலைபேசியைப் பார்ப்பவரின் கண்ணையும் மறந்தவராவர். எழுத்தை இருமடங்கு பெருப்பித்தாலும் எதுவும் மறையக்கூடாது என்பது மற்றொரு விதி. நேரம் முடியப்போகிறது என்றால், அழிப்பதற்கு முன் எச்சரித்து, நேரத்தை நீட்டிக்கொள்ள இடந்தர வேண்டும் என்பது வேறொன்று.

கண்ணில்லாதோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் என்விடிஏ என்பது, பார்வையற்ற அவுஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006இல் ஆக்கத் தொடங்கியது. அதனை எவரும் இலவசமாகப் பெறலாம். தமிழையும் அது வாசிக்கும். ஆனால் தளத்தில் இருப்பது யுனிகோட் எழுத்தாக இருந்தாற்றான் வாசிக்கும். படமாக ஒட்டிய அறிவித்தலின் முன் அதுவும் மௌனமாகிவிடும்.

வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டு ஏற்று உறுதிப்படுத்தியது. கட்டடங்களையும் போக்குவரத்தையும் மட்டுமன்றி, இணையத்தையும் அவர்கள் அணுகத்தக்கதாக்க வேண்டும் என அச்சமவாயம் கூறுகிறது. ஆகவே இதனைக் கருணை என்று சொல்லுதல் பொருந்தாது, இது கடமை.

நாம் செய்யத்தக்கது

தளம் அமைப்போர் தம் வேலையைச் செய்யட்டும். நாம் என்ன செய்வது என்று கேட்பீர்கள்.

பெற்றோரே, பிள்ளைகளே, அடுத்தமுறை வீட்டிலே அம்மம்மாவோ பெரியப்பாவோ ஒரு தளத்திலே தடுமாறும்போது, தொலைபேசியைப் பறித்து நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். அது அவசரத்துக்கு உதவும்; ஆனால் அவரை என்றென்றைக்கும் பிறர் கையை எதிர்பார்க்க வைக்கும். அருகிலே இருந்து பாருங்கள். எந்தச் சொல் விளங்கவில்லை, எந்த இடத்திலே விரல் நின்றது என்று ஒரு கொப்பியிற் குறியுங்கள். “இது உங்கள் பிழையன்று, இதை இப்படி அமைத்தவரின் பிழை” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவருக்குத் தரும் தைரியம் பெரிது. பின்பு அக்குறிப்பைக் கடிதமாக எழுதி, அத்தளத்துக்குரிய அலுவலகத்துக்கு அனுப்புங்கள். “உங்கள் தளம் நன்றாக இல்லை” என்று எழுதினால் கிடப்பிலே போடுவார்கள். “மூன்றாவது பக்கத்திலே பழைய அடையாள அட்டை இலக்கத்தை ஏற்கவில்லை” என்று எழுதினால், திருத்துபவருக்கு வேலை எளிதாகும்.

மாணவர்களே, உங்களிற் பலர் கணினிக் கல்வி பயில்கிறீர்கள். பாடசாலைக்கோ சனசமூக நிலையத்துக்கோ ஒரு தளம் அமைக்கும் வாய்ப்பு உங்களுக்கு வரும். வெளியிடுவதற்கு முன் ஐந்து பேரைத் தேடுங்கள். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவர்; கண்பார்வை குன்றிய ஒருவர்; ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று; சிறிய பழைய கைத்தொலைபேசி வைத்திருக்கும் கமக்காரர் அல்லது கடற்றொழிலாளர் ஒருவர்; இணையத்தைக் கண்டால் அஞ்சும் பாட்டி ஒருவர். அவர்கள் முன் தளத்தை வைத்துவிட்டு, நீங்கள் வாய்மூடி இருங்கள். ஒரு பிற்பகல் போதும். உங்கள் நண்பர்கள் “மிக நன்று” என்று புகழ்ந்தவற்றிற் பாதி அன்று உதிர்ந்துபோகலாம். உதிரட்டும். மிஞ்சுவது எல்லோருக்கும் பயன்படும்.

இவ்வாரம் உங்கள் வீட்டிலேயே ஒருவரைக்கொண்டு தொடங்குங்கள். ஒரு கொப்பியும் பென்சிலும், சிறிது பொறுமையும் போதும்.